அப்பாவின் பெட்டியில் கிடைத்த கடிதங்கள்



ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தகப்பனார் காலமாகிவிட்டார். அடக்கம் முடிந்தது; முப்பதாம் நாள் பூசையும் ஒப்புக்கொடுத்தாயிற்று. வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள் ஊர் திரும்புமுன், "அப்பாவின் பெட்டியைத் திறந்து பார்த்துவிடுவோம்" என்று சேர்ந்து உட்காருகிறார்கள். மேலே வீட்டுப் பத்திரம், பாங்குப் புத்தகம், இன்ஷ்யூரன்ஸ் பாலிசி. அடியில், பழைய வேஷ்டித் துண்டில் சுற்றிய ஒரு கட்டு. அவிழ்த்தால் மணியார்டர் ரசீதுகள். எல்லாவற்றிலும் ஒரே பெண்ணின் பெயர். சில கடிதங்கள். ஒரு சிறு பிள்ளையின் போட்டோ; அதன் முகத்தில் அப்பாவின் சாயல். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள், வாய் திறப்பாரில்லை.

இது யார் வீடு என்று தேடவேண்டாம். குறிப்பாக எந்த வீட்டையும் நான் சொல்லவில்லை. ஆனால் இது நம் பகுதியில் நடக்கக்கூடாத காரியமுமல்ல. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் எழுந்த காலத்தில், தென் ஜில்லாக்களிலிருந்து எத்தனையோ பேர் பெண்சாதி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு, இங்கே ஓர் அறையில் நாலைந்து பேராய்த் தங்கி வேலை பார்த்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் உழைத்த பணத்தை வீட்டுக்கு அனுப்பி, கண்ணியமாய் வாழ்ந்தவர்கள். அவர்கள் பிள்ளைகள்தான் இன்று நம் கோவிலில் முன்வரிசையில் இருக்கிறார்கள். ஆயினும் இரண்டு ஊரில் வாழ்கிறவனுக்கு இரண்டு வாழ்க்கை வாழும் சோதனை வருவதுண்டு. அது பிள்ளைகளுக்குத் தெரியவருவது, பெரும்பாலும் அவன் கண்ணை மூடிய பிறகுதான்.

அப்போது பிள்ளைகள் செய்யவேண்டியது என்ன? கட்டை அடுப்பில் போட்டுவிடுவதா? தெருவெல்லாம் கேட்கச் சண்டை போடுவதா? இதைக் குறித்தே இவ்வாரப் பாடம்.

உலகம் அறிந்த ஓர் உதாரணம்

1927-ம் ஆண்டு மே மாதத்தில், சார்லஸ் லிண்ட்பர்க் என்ற அமெரிக்க வாலிபர் நியூயார்க்கிலிருந்து பாரிஸ் நகருக்குத் தன்னந்தனியாய், எங்கும் இறங்காமல் ஆகாய விமானம் ஓட்டிச் சென்று உலகப் புகழ் பெற்றார். அவருக்கும் அவர் மனைவி ஆன் மாரோவுக்கும் ஆறு பிள்ளைகள். மூத்த குழந்தையை 1932-ல் கயவர்கள் கடத்திக் கொன்றபோது தேசமே அழுதது. ஒழுக்கத்திலும் கட்டுப்பாட்டிலும் மிகக் கண்டிப்பான தகப்பன் என்று அவருக்குப் பெயர்.

அவர் 1974-ல் இறந்தார். ஏறக்குறைய 29 ஆண்டுகள் சென்று, 2003-ல், ஜெர்மனி தேசத்தில் மூன்று சகோதரர்கள் வெளியே வந்தார்கள். அவர்கள் தாயார் பிரிகிட்டே ஹெஸ்ஸைமர், ம்யூனிக் நகரில் தொப்பி செய்யும் தொழிலாளி. 1957-ல் லிண்ட்பர்க் அவரைச் சந்தித்தார். அந்த உறவில் இரண்டு ஆண் மக்களும் ஒரு மகளும் பிறந்தார்கள். வருஷத்தில் சில தடவை வந்து சில நாள் தங்கிப்போகும் தகப்பனை அப்பிள்ளைகள் 'கேரு கென்ட்' என்ற பொய்ப் பெயரால் மாத்திரமே அறிந்திருந்தார்கள். மகள் ஆஸ்ட்ரித் வளர்ந்தபின் ஒரு பத்திரிகைக் கட்டுரையைப் படித்துச் சந்தேகப்பட்டார். பின்பு தாயார் வைத்திருந்த நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்கள் அவர் கையில் அகப்பட்டன. தாயாரிடம் கேட்டார். "நான் உயிரோடிருக்கும்வரை வெளியே சொல்லவேண்டாம்" என்று தாயார் வேண்டிக்கொண்டார். பிள்ளைகள் அந்த வாக்கைக் காத்தார்கள். 2001-ல் அந்தத் தாயாரும் இறந்தார். அதே ஆண்டில் அமெரிக்காவில் ஆன் மாரோவும் இறந்தார். அதற்குப் பின்னரே பிள்ளைகள் பேசினார்கள். 2003 நவம்பரில் மரபணுச் சோதனை அவர்கள் சொன்னது மெய் என்று காட்டிற்று.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அந்த மூவரும் சொத்தில் பங்கு கேட்கவில்லை. தங்கள் தகப்பன் இன்னார் என்பதை உலகம் ஒப்புக்கொண்டால் போதும் என்றார்கள். மறுபக்கத்தில், அமெரிக்கக் குடும்பத்தின் கடைசி மகள் ரீவ் லிண்ட்பர்க்குக்கு முதலில் தகப்பன்மேல் கோபம் பொங்கிற்று. எங்களுக்கு ஒழுக்கம் போதித்தவர் இப்படிச் செய்தாரே என்று எந்தப் பிள்ளைக்கும் தோன்றுவது இயல்புதானே? ஆனால் அந்தக் கோபத்தை அவர் அந்தப் பிள்ளைகள்மேல் திருப்பவில்லை. ஐரோப்பாவுக்குப் போய் அவர்களைச் சந்தித்தார், உடன்பிறந்தவர்களாய் ஏற்றுக்கொண்டார். கோபம் போகவேண்டிய இடம் எது, போகக்கூடாத இடம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாம் கற்கவேண்டியதும் அதுதான்.

முதற் பாடம்: பிறந்த பிள்ளைமேல் குற்றமில்லை

இப்படிப்பட்ட செய்தி வெளிப்பட்டவுடன் வீட்டில் முதலில் வசை வாங்குவது யார்? இறந்தவரைத் திட்ட மனம் வராது. ஆகையால் எங்கோ இருக்கிற அந்தப் பெண்ணையும், அவள் பிள்ளையையும் திட்டுகிறோம். அந்தப் பிள்ளை, தான் பிறக்கவேண்டும் என்று யாரிடமும் விண்ணப்பம் போடவில்லை. தகப்பன் பெயர் கேட்கும் பள்ளிக்கூட மனுவில் என்ன எழுதுவதென்று தெரியாமல் நின்றது அது. நீங்கள் ஒரு நாளில் பட்ட அவமானத்தை அது பிறந்த நாள் முதல் பட்டிருக்கிறது.

திருச்சபையின் வழக்கத்திலும் இது தெளிவாகி வந்திருக்கிறது. 1917-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில், விவாகத்துக்குப் புறம்பே பிறந்தவன் சலுகை பெறாமல் குருப்பட்டம் பெறக்கூடாது என்ற தடை இருந்தது. 1983-ல் வந்த சட்டத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. நம் ஆண்டவர் சேசுநாதருடைய வம்ச வரலாற்றை மத்தேயு நற்செய்தியில் வாசித்துப் பாருங்கள். தாமார், உரியாவின் மனைவி என்று, குடும்பங்கள் மறைக்க விரும்பும் வரலாறு உடையவர்களையும் சுவிசேஷகர் விடாமல் எழுதிவைத்தார். கடவுள் தம் குமாரனுடைய பட்டியலிலிருந்து அடிக்காத பெயர்களை, நாம் நம் பட்டியலிலிருந்து அடிக்கலாமா?

இரண்டாம் பாடம்: உண்மை யாருக்கு உரியதோ அவர்களுக்கு மாத்திரம்

கடிதங்களை எரிக்காதீர்கள். வெட்கம் தணிந்தபின் அவை தேவைப்படும். தகப்பனுக்குச் சர்க்கரை வியாதியோ இருதய வியாதியோ இருந்திருந்தால், அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை அந்தப் பிள்ளைக்கும் உண்டு. இன்னொன்று உண்டு, சொல்லவே நாக்கூசும். ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள் ஒருவரையொருவர் அறியாமல் நாளைக்குச் சம்பந்தம் பேச வந்தால் என்ன செய்வீர்கள்? தாய் வேறாயிருந்தாலும் அவர்கள் சகோதர சகோதரிகளே. அந்த இரத்த உறவு விக்கினத்துக்குத் திருச்சபை ஒருக்காலும் விலக்கு அளிப்பதில்லை. நாம் கோவிலில் கல்யாண ஓலை வாசிப்பதே இப்படிப்பட்ட தடைகள் வெளிப்படத்தான். எல்லாரும் வாயை மூடிக்கொண்டால் ஓலை வாசித்து என்ன பயன்?

அதற்காகத் தெருவில் சொல்லவேண்டும் என்று அர்த்தமில்லை. மெய்யாயிருந்தாலும், தேவையில்லாத இடத்தில் ஒருவர் குறையைச் சொல்வது அவதூறுக்கு அடுத்த வீடுதான். உடன்பிறந்தவர்கள் அறியட்டும், சம்பந்தப்பட்ட அந்தக் குடும்பம் அறியட்டும். சம்பந்திக்கும் பக்கத்து வீட்டுக்கும் அதில் வேலையில்லை.

அம்மா உயிரோடிருந்தால்? இதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. அநேகம் பிள்ளைகள், "அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டார்கள்" என்று கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுவென்று பேசுகிறார்கள். சாத்திய கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறவளுக்கு அது தெரியாது என்று நினைக்கிறீர்களா? பல வீடுகளில் அவளுக்குத்தான் எல்லாருக்கும் முந்தித் தெரியும்; பிள்ளைகளுக்காக விழுங்கிக்கொண்டிருப்பாள். ஆகையால் கூட்டமாய்ப் போய் அவளிடம் கடிதத்தை நீட்டாதீர்கள். அவளுக்கு மிக நெருக்கமான ஒரு பிள்ளை தனியாய் உட்கார்ந்து, "அம்மா, அப்பாவைப் பற்றி எங்களிடம் சொல்லவேண்டியது ஏதாவது உங்கள் மனத்தில் உண்டா?" என்று மாத்திரம் கேட்கட்டும். அவள் பேசினால் கேளுங்கள். "விடு" என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். அந்த ஜெர்மன் பிள்ளைகள் தங்கள் தாயாருக்காகக் காத்திருந்தார்களே!

மூன்றாம் பாடம்: நீதி செய்யுங்கள்

அழுது முடித்தபின் சொத்து விஷயம் வரும். கிறிஸ்தவர்களுக்கு 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் எழுதாமல் இறந்தவனுடைய சொத்தில் மூன்றில் ஒரு பங்கு விதவைக்கு. மீதி இரண்டு பங்கும் பிள்ளைகளுக்கு, மகன் மகள் வித்தியாசமின்றிச் சமமாய். இதில் 'பிள்ளை' என்பது சட்டப்படியான விவாகத்தில் பிறந்த பிள்ளையையே குறிக்கும் என்று நெடுங்காலமாய்ப் பொருள்கொள்ளப்பட்டு வந்திருக்கிறது. இந்துக் குடும்பங்களைப் பொறுத்தவரை, செல்லாத விவாகத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும் பெற்றோரின் பங்கில் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பர் 1-ந் தேதி தீர்ப்பளித்தது. உங்கள் காரியம் எப்படி என்பதை நல்ல வக்கீலிடம் கேளுங்கள். தாசில்தார் ஆபீசில் வாரிசுச் சான்றிதழுக்கு மனுப்போடும்போது, தெரிந்தே ஒரு வாரிசை மறைத்துக் கையெழுத்திடாதீர்கள். அது பொய், திருட்டு இரண்டுமாகும்.

சட்டம் "கொடுக்கவேண்டாம்" என்று சொன்னாலும் மனச்சாட்சி விட்டுவிடாது. அப்பா மாதந்தோறும் மணியார்டர் அனுப்பிய அந்த வீட்டில் இன்று அடுப்பு எரிகிறதா என்று யாராவது ஒருவர் விசாரியுங்கள். கொடுக்கக்கூடியது பணம் மாத்திரமல்ல. கல்லறையைக் காட்டலாம். வருஷத் திவச பூசைக்குச் சொல்லி அனுப்பலாம். ஒரு போட்டோவைப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம்.

அமெரிக்காவில் ஸ்ட்ராம் தர்மண்ட் என்ற செனட்டர் இருந்தார். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாய் இருக்கக்கூடாதென்று பல்லாண்டுகள் வாதாடியவர். அவர் 2003-ல் தம் 100-ம் வயதில் இறந்தபின், எஸ்ஸி மே என்ற 78 வயதுக் கறுப்பு மாது, தாம் அவருடைய மகள் என்று சொன்னார். தாயார், தர்மண்ட் வீட்டில் வேலை செய்த சிறு பெண். குடும்பத்தார் மறுக்கவில்லை. மாநிலச் சட்டசபை வளாகத்தில் அவர் சிலையின் பீடத்தில், நான்கு பிள்ளைகளின் தகப்பன் என்று வெட்டியிருந்தது. 2004-ல் அந்தக் கல்லில் நான்கை ஐந்தாகத் திருத்தி, அந்த மகளின் பெயரையும் பொறித்தார்கள். கல்லையே திருத்தலாமென்றால், நம் மனத்தைத் திருத்த முடியாதா?

இறந்தவரைக் குறித்து

"அப்படியானால் எங்களை அவர் நேசித்ததெல்லாம் பொய்யா?" என்று கேட்பீர்கள். இல்லை. ஜுரத்தில் உங்களைத் தோளில் போட்டு டாக்டரிடம் ஓடியதும் அவர்தான். உங்கள் தாயாருக்கு அநியாயம் செய்ததும் அவர்தான். இரண்டும் மெய். நல்லதைக் கொண்டு தீமையை மறைக்கவும் வேண்டாம். தீமையைக் கொண்டு நல்லதை அழிக்கவும் வேண்டாம். தீர்ப்புச் சொல்லும் வேலை நம்முடையதல்ல. ஜெபிக்கும் வேலை நம்முடையது.

உயிரோடிருக்கும் தகப்பன்மாருக்கு

இதை வாசிக்கும் தகப்பன்மாரே, உங்களில் ஒருவர் பெட்டியிலாவது அப்படியொரு கட்டு இருந்தால், உங்கள் பிள்ளைகள் அதைத் திறக்கும் நாளுக்கு அதை விட்டுவைக்காதீர்கள். பாவசங்கீர்த்தனத்தில் பாவம் மன்னிக்கப்படும். ஆனால் செய்த அநீதிக்குப் பரிகாரம் பாக்கி நிற்கும். விவாகத்துக்குப் புறம்பே பிறந்த பிள்ளையின் ஞானஸ்நானக் கணக்கில் தகப்பன் பெயர் எழுதுவதற்குத் திருச்சபை வழி வைத்திருக்கிறது: பங்குக்குருவின் முன்னும் இரண்டு சாட்சிகளின் முன்னும் தகப்பனே ஒப்புக்கொண்டால் போதும். உயில் எழுதினால், நீங்கள் சம்பாதித்ததில் அந்தப் பிள்ளைக்கும் ஒரு பங்கு எழுதலாம். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், மேடைக்கு வாருங்கள். பேசியது அந்த அறையை விட்டு வெளியே போகாது.

இவ்வாரம் இரவு ஜெபத்துக்குப்பின் குடும்பமாய் யோசிக்க:

1. நம் உறவில், தங்கள் பிறப்பின் காரணமாக நாம் ஒதுக்கிவைத்தவர் யாராவது உண்டா? வருகிற பண்டிகைக்கு அவரை அழைப்போமா?

2. பிறர் குடும்ப இரகசியம் நம் காதில் விழுந்தால், அது நம்மோடு நின்றுவிடுகிறதா?

3. நமக்குப் பின் நம் பெட்டியைத் திறக்கும் பிள்ளைகளுக்கு நாம் என்ன வைத்துவிட்டுப் போகிறோம்?

பிறகு, உங்கள் குடும்பத்தில் மரித்தவர்கள் எல்லாருக்காகவும், நீங்கள் அறிந்தும் அறியாமலும் அவர்களுக்கு உறவானவர்கள் எல்லாருக்காகவும் ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள்.

உங்கள் பங்குக்குரு