குட்டைக்கரையில் கல்வாழை: ஒரு மலரியல் வகுப்பு

மதிய உணவுக்குப் பின் மாணவர்கள் தட்டு கழுவும் நீர் எங்கள் பள்ளியின் பின்புறமுள்ள சிறு குட்டையில் சேர்கிறது. அதன் கரை எப்போதும் ஈரமாக இருக்கும். அங்கே கல்வாழை வளர்த்த அனுபவத்தையும், அது எனக்குக் கற்றுத்தந்ததையும் பகிர்ந்துகொள்கிறேன்.

நடுதல்

கல்வாழை அமெரிக்க வெப்பமண்டலத் தாவரம். வாழை, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றுக்கு உறவு. மண்ணுக்கடியில் கிடைமட்டமாகக் கிளைக்கும் மட்டநிலத் தண்டிலிருந்து வளரும். முதன்முறை கிழங்குகளை நீர் விளிம்பின் சேற்றிலேயே புதைத்தோம், எல்லாம் அழுகிவிட்டன. இலை விடாத கிழங்குக்கு ஈரத்தோடு காற்றும் தேவை. அடுத்த முறை விளிம்பிலிருந்து ஒரு முழம் மேலே நட்டோம். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு முளைகள், 8 செ.மீ. ஆழம், துண்டுகளுக்கிடையே 45 செ.மீ. இடைவெளி, நல்ல வெயில். ஏறத்தாழ மூன்று மாதங்களில் பூத்தன. வேர் பிடித்த பிறகு செடிகள் தாமாகவே நீரை நோக்கிப் பரவின.

செயல்பாடு: இதழைத் தேடுவோம்

நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு பூ, ஒரு செம்பருத்தி, ஒரு கைலென்ஸ். பாகங்களைப் பிரித்துத் தாளில் வரிசையாக ஒட்டச் சொன்னேன். "கல்வாழையின் சிவப்புப் பகுதிகள் அல்லி இதழ்கள்" என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தவன் நான். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஐயா, இந்த இதழின் ஓரத்தில் மகரந்தப்பை ஒட்டியிருக்கிறதே, இது எப்படி?"

என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. மறுநாள் படித்துவிட்டு வந்து, "நான் சொன்னது தவறு" என்று வகுப்பில் ஒப்புக்கொண்டேன். அகலமான வண்ணப் பகுதிகள் உருமாறிய மலட்டு மகரந்தத்தாள்கள். உண்மையான அல்லி இதழ்கள் மூன்றும் அவற்றுக்குக் கீழே குறுகலாக, கூர்மையாக இருக்கின்றன. வளமான மகரந்தத்தாள் ஒன்றே ஒன்று. அதிலும் பாதிதான் மகரந்தப்பை, மறுபாதி இதழ்போல் விரிந்தது. சூல்தண்டும் தட்டையான பட்டைபோல் இருக்கிறது. செம்பருத்தியை மையத்தின் வழியே பல கோணங்களில் இரு சமபாதிகளாக வெட்டலாம்; கல்வாழைப் பூவை எப்படி வெட்டினாலும் சமபாதி கிடைக்காது. 'சமச்சீரற்ற மலர்' என்பதை அதன்பின் எவரும் மனப்பாடம் செய்யவில்லை.

கவனிக்க

• ஆசிரியர் உடனிருந்தால் மட்டுமே மாணவர்கள் கரைக்குச் செல்ல வேண்டும்.
• பூத்து முடிந்த தண்டு மீண்டும் பூக்காது. அடியோடு வெட்டினால் புதுத்தண்டு வரும்.
• இது அயல் தாவரம். மிகுந்த கிழங்குகளை ஏரி, வாய்க்காலில் எறியக்கூடாது.
• கரிய விதையின் தோல் மிகக் கடினம். சொரசொரப்பான கல்லில் தேய்த்து ஊறவைத்ததையும், தேய்க்காததையும் விதைத்து ஒப்பிடுவது அடுத்த சோதனை.

கரை மண்ணை வேர்கள் பிடித்துக்கொள்கின்றன. கழிவுநீரிலுள்ள சத்துகளையும் உறிஞ்சுகின்றன. அந்த மாணவி ஒட்டிய தாள் இன்றும் எங்கள் வகுப்புச் சுவரில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் பாடத்தை அதிலிருந்தே தொடங்குகிறேன்.