காவலும் கண்ணியமும்

வேலூர் நகரின் நடுவே லாங் பஜார் என்னும் கடைத்தெரு உள்ளது. அரிசியும் பருப்பும், காயும் கனியும், புளியும் மிளகாயும் அங்கு நாள்தோறும் வந்து குவிகின்றன. வாங்குவோரும் விற்போரும் தோளோடு தோள் உராய நடக்கின்றனர். அத்தெருவிலுள்ள வணிகர் ஒவ்வொருவரும் தம் தராசையும் எடைக்கற்களையும் குறித்த காலத்தில் முத்திரை ஆய்வாளரிடம் காட்டி, அரசின் முத்திரையைப் பெறுதல் வேண்டும். மூன்று தலைமுறையாக நேர்மை தவறாது வாணிகம் செய்பவர்க்கும் இவ்விதி உண்டு. நேற்றுக் கடை திறந்தவர்க்கும் உண்டு. 'என்னை ஐயுற்றனரே!' என்று அவருள் எவரும் வருந்துவதில்லை. ஏன்? ஆராயப்படுவது கல்லேயன்றித் தம் நெஞ்சம் அன்று என்பதை அவர் அறிவர். அன்றியும், முத்திரை பெற்ற கல் வாங்குவோர்க்கு மட்டுமன்றி விற்போர்க்கும் காப்பாகின்றது.

ஆயினும், அவ்வணிகரே வெளிநாடு செல்லும்பொருட்டு விமான நிலையத்துள் புகுவாராயின், அவர் உள்ளம் வேறுபடுகின்றது. பெட்டியை ஊடுகதிர்ப் பொறிக்குள் செலுத்துமாறு காவலர் கூறுகின்றனர். தோல் இடைவாரையும் கைக்கடிகாரத்தையும் கழற்றித் தட்டில் இடச் செய்கின்றனர். உலோகம் உணரும் வாயிலினூடே நடத்துகின்றனர். பின்னர் ஒரு சிறு மேடைமேல் நிறுத்தி, இரு கைகளையும் விரிக்கச் செய்து, உடலைத் தடவிப் பார்க்கின்றனர். ஈண்டு ஆராயப்படுவது கல் அன்று, உடம்பு. குற்றமற்ற ஆயிரவரை நிறுத்தி ஆராய்தல் முறையோ? அதனால் விளையும் நன்மை அத்துன்பத்திற்கு ஈடாகுமோ? தோல் வாணிகத்தின் பொருட்டும், கல்வியின் பொருட்டும், வேலையின் பொருட்டும் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, வேலூர் முதலிய ஊர்களிலிருந்து விமானம் ஏறுவோர் பலர். நாளை நீங்களும் அவ்வரிசையில் நிற்றல் கூடும். ஆதலின் இவ்வினாக்களை நடுவுநிலையோடு எண்ணிப் பார்த்தல் நன்று.

காவல் வேண்டப்பட்டதன் காரணத்தை முதற்கண் காண்போம். 1984 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2 ஆம் நாள், சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில், கொழும்புக்குச் செல்லப் பயணச்சீட்டுப் பெற்ற ஒருவன் இரண்டு பெட்டிகளை ஒப்படைத்தான். ஆனால் அவன் விமானம் ஏறவில்லை. உரியவன் இல்லாத அப்பெட்டிகள் நிலையத்தினுள்ளேயே வைக்கப்பட்டன. அவற்றுள் வெடிகுண்டு உண்டெனத் தொலைபேசி வாயிலாக எச்சரிக்கை வந்தும், அவை உரிய காலத்தில் அகற்றப்படவில்லை. அன்றிரவே குண்டு வெடித்தது. 30 பேருக்கு மேல் உயிர் துறந்தனர். அவர்களுள் எவரும் எவருக்கும் பகைவர் அல்லர். பயணம் செய்ய வந்தோரும் பணி செய்ய வந்தோருமே.

ஓராண்டு நிறைவதற்குள் அதனினும் பெருங்கேடு ஒன்று நிகழ்ந்தது. 1985 ஆம் ஆண்டு ஜூன் 23 ஆம் நாள், கனடாவிலிருந்து இலண்டன் வழியாக இந்தியாவிற்கு வந்துகொண்டிருந்த 'கனிஷ்கா' என்னும் ஏர் இந்தியா விமானம், அயர்லாந்தை அடுத்த கடலுக்கு மேலே, வானிலேயே சிதறியது. அதில் இருந்த 329 பேருள் ஒருவரேனும் பிழைத்திலர். வான்கூவர் நகரில் ஒருவன் பெட்டியை மட்டும் ஏற்றிவிட்டுத் தான் ஏறாது நின்றுவிட்டான். அப்பெட்டி டொராண்டோ நகரில் கனிஷ்காவிற்கு மாற்றப்பட்டது. அங்குப் பெட்டிகளை ஆராயும் ஊடுகதிர்ப் பொறியும் அன்று பழுதுற்றது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் பிழை ஒன்றே; ஆள் ஏறாத பெட்டி ஏற்றுக்கொள்ளப்பட்டது. இதற்கு மாற்று யாது? பெட்டிக்கு உரியவர் விமானம் ஏறாவிடின், அவர் பெட்டியையும் இறக்கிவிடுதல் வேண்டும் என்பதே. இவ்விதி எவருடைய உடம்பையும் தொடுவதில்லை. எவருடைய முகத்தையும் ஐயுறுவதில்லை. ஏறியோர் பெயரையும் ஏற்றிய பெட்டியின் எண்ணையும் ஒப்பு நோக்குவதோடு அமைகின்றது. சில வேளைகளில் விமானம் புறப்படச் சிறிது காலந்தாழ்க்கலாம். அதனால் வரும் இடையூறு அவ்வளவே. பயனோ பெரிது. இதிலிருந்து நாம் அறிய வேண்டிய உண்மை ஒன்று உண்டு. காவலின் பயன் வேறு. காவலால் வரும் துன்பம் வேறு. துன்பம் மிகுந்தால் காவலும் மிகும் என்று எண்ணுதல் பிழையாகும்.

எனினும், பெட்டியை மட்டும் ஆராய்ந்தால் போதாது என்பதை விமானக் கடத்தல்கள் உணர்த்தின. 1976 ஆம் ஆண்டு செப்டம்பர் 10 ஆம் நாள், தில்லியிலிருந்து புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று இலாகூருக்குக் கடத்தப்பட்டது. அதன் பின்னரே 1978 சனவரியில் விமானப் போக்குவரத்தின் பாதுகாப்பிற்கெனத் தனிப்பிரிவு அமைந்தது. கனிஷ்கா அழிந்த பின்னர், 1987 ஏப்ரலில் அது தனித்துறை ஆயிற்று. 1999 டிசம்பர் 24 ஆம் நாள் காத்மாண்டுவிலிருந்து கிளம்பிய விமானத்தைப் படைக்கலம் ஏந்தியோர் காந்தகாருக்குக் கொண்டு சென்றனர். சிறையிலிருந்த மூவரை விடுவித்த பின்னரே பயணிகள் மீண்டனர். அடுத்த ஆண்டு முதல் நம் நாட்டு விமான நிலையங்களின் காவல், ஒவ்வொன்றாக, மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையிடம் ஒப்படைக்கப்படலாயிற்று. ஒருவன் இடையில் மறைத்த படைக்கலம் ஒரு விமானத்தை மட்டுமன்றி ஓர் அரசையே பிணிக்க வல்லது என்பது அப்போது விளங்கிற்று.

நம் உரையாசிரியர்கள் பொருளைத் தெளிவிக்கத் தடையெழுப்பி விடை கூறுவர். அம்முறையில் இங்கும் ஒரு தடையை எழுப்பலாம். 'இத்துணை ஆராய்ந்தும் காவல் பிழைபடுகின்றதே! 2015 ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் ஆய்வாளர்களே பயணிகளைப் போல மாறுவேடம் பூண்டு, போலி வெடிகுண்டுகளையும் படைக்கலங்களையும் கொண்டு சென்றபோது, 70 முறைகளுள் 67 முறை அவர்கள் பிடிபடவில்லை எனச் செய்தி வெளியாயிற்று. பிழைபடும் காவலுக்காக மானத்தை இழப்பானேன்?' என்பது தடை. இதற்கு விடை வருமாறு: அத்தடை வலிமையுடையதே, அதனை மழுப்புதல் ஆகாது. ஆனால், பூட்டை உடைக்கும் கள்வன் உளன் என்பதற்காக எவரும் கதவைத் திறந்து வைத்து உறங்குவதில்லை. தீயோன் தான் அகப்படக்கூடும் என்று அஞ்சுமாறு செய்தலும் காவலின் பயனே. எனினும், இவ்விடை காவல் வேண்டும் என்பதை மட்டுமே நிலைநாட்டும். எல்லா விதியும் வேண்டும் என்பதை நிலைநாட்டாது. ஒவ்வொரு விதியும் தன் பயனைத் தானே காட்டி நிற்றல் வேண்டும்.

காலணி பற்றிய விதி இதற்கு நல்ல சான்று. 2001 டிசம்பர் 22 ஆம் நாள், பாரிசிலிருந்து மயாமிக்குச் சென்ற விமானத்தில் ஒருவன் தன் காலணிக்குள் மறைத்திருந்த வெடிமருந்தைக் கொளுத்த முயன்றான். பணியாளரும் பயணிகளும் அவனைப் பற்றிப் பிணித்தனர். அதன் விளைவாக 2006 ஆம் ஆண்டு முதல், அமெரிக்க நிலையங்களில் பயணிகள் யாவரும் காலணியைக் கழற்றுதல் கட்டாயமாயிற்று. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் நம் மகளிர் தைத்து அனுப்பும் காலணிகள் உலகெங்கும் செல்கின்றன. அடிப்பகுதி வளைந்து கெடாதிருக்கச் சில காலணிகளின் நடுவே மெல்லிய எஃகுத் தகடு வைப்பதுண்டு. அத்தகடும் வாயிலில் ஒலி எழுப்பலாம். அதனை அணிந்தவர் குற்றவாளியோ? முதியோரும், குழந்தையைத் தாங்கிய தாயரும் வெறுங்காலுடன் நின்றனர். 2025 சூலையில் அவ்விதி கைவிடப்பட்டது. பொறிகளும் முறைகளும் மேம்பட்டன என்று அந்நாட்டு அரசு காரணம் கூறிற்று. எடைக்கல்லுக்கு மறுமுத்திரை உண்டு. ஏனெனில் கல் தேயும். விதியும் காலத்தால் தேயும். அதற்கும் மறுமுத்திரை வேண்டுமன்றோ?

இனி, கண்ணியம் பற்றிக் கருதுவோம். நாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் 1981 ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியை அடுத்து நிகழ்ந்த விபத்தினால் ஒரு காலை இழந்தவர். செயற்கைக் காலுடன் மீண்டும் ஆடிப் புகழ் பெற்றவர். விமான நிலையங்களில் தம் செயற்கைக் காலைக் கழற்றுமாறு கூறுவது தம் உள்ளத்தைப் பெரிதும் புண்படுத்துகின்றது என்று 2021 அக்டோபரில் அவர் முறையிட்டார். வெடிமருந்தின் நுண்துகளை அறியும் கருவியால் ஆராயலாமே என்பது அவர் வேண்டுகோள். பாதுகாப்புப் படையினர் வருத்தம் தெரிவித்தனர். அவர் காவலே வேண்டா என்றாரல்லர். காவலுக்கு இழிவில்லாத வழி உண்டாயின் அவ்வழியே வேண்டும் என்றார். அவ்வேண்டுகோள் எத்துணை நேரியது!

உடம்பைத் தொடும் ஆணை எத்துணைக் கூரியது என்பதை வேலூர் அறிந்தது போல் வேறு ஊர் அறிந்ததில்லை. லாங் பஜாருக்கு அண்மையில் அகழி சூழ நிற்கின்றதே கோட்டை, அங்கே 1806 ஆம் ஆண்டு சூலை 10 ஆம் நாள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நெற்றிக் குறி கூடாது, காதணி கூடாது, தாடி வேண்டிய வண்ணம் வளர்த்தல் கூடாது, தோலால் ஆகிய குஞ்சம் பொருந்திய புதிய தலைப்பாகையை அணிதல் வேண்டும் என்று கும்பெனிப் படைத்தலைமை ஆணையிட்டமை அக்கிளர்ச்சிக்குப் பெருங்காரணமாயிற்று. படையின் ஒழுங்கே அவ்வாணையின் நோக்கம் என்றனர். ஆணைக்கு உட்பட்டோரின் உள்ளத்தை அறிய முயன்றாரல்லர். இரு தரப்பிலும் குருதி பெருகிய பின்னரே ஆணை கைவிடப்பட்டது. இன்றைய விமான நிலையச் சோதனையை அதனோடு ஒன்றாக எண்ணுதல் தகாது. இது யாவர் உயிரையும் காக்க எழுந்தது. ஆயினும், நல்ல நோக்கம் ஒன்றே ஆணையை நல்லதாக்காது என்னும் பாடம் இரண்டிற்கும் பொதுவாகும். நம் நாட்டில் மகளிரை மகளிரே, திரை மறைவில் சோதிக்கின்றனர். உள்நாட்டு விமானங்களில் சீக்கியர் குறித்த அளவுடைய கிர்பானை அணிந்து செல்ல இசைவு உண்டு. காவலும் கண்ணியமும் ஒருங்கே நிற்க இயலும் என்பதற்கு இவை சான்றாம்.

'ஐயத்திற்கு இடமானவரை மட்டும் ஆராய்ந்தால் என்ன?' என்று வினவுவாரும் உளர். கேட்பதற்கு இஃது இனிது, நடைமுறையில் கொடிது. ஐயம் எதனைப் பற்றி எழும்? பெயரையும், உடையையும், நிறத்தையும், சமயத்தையும் பற்றியன்றோ எழும்? சிலப்பதிகாரத்தை நினையுங்கள். பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியன், கோவலனை ஐயுற்றான். ஆனால் சிலம்பை ஆராயவில்லை. அரசியின் சிலம்பிலே இருந்தது முத்து; கண்ணகியின் சிலம்பிலே இருந்தது மாணிக்கம். இவ்வேறுபாடு வெளிப்பட்டபோது கோவலன் உயிருடன் இல்லை. ஆராய்ச்சியில்லாத ஐயமே அவனைக் கொன்றது. முன்னரே சிலம்பை ஆராய்ந்திருப்பின், அவ்வாராய்ச்சி அவனைக் காத்திருக்கும். எனவே, முறையான சோதனை குற்றமற்றவர்க்குப் பகையன்று. அவர்க்குத் துணையே ஆகும். ஆனால் அது யாவர்க்கும் ஒன்றாதல் வேண்டும்.

இதற்கு இலக்கியமாக விளங்கியவர் நம் அப்துல் கலாம். குடியரசுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற அவரை, 2009 ஏப்ரலில் தில்லியில், அயல்நாட்டு விமானக் குழுமம் ஒன்றின் பணியாளர் சோதித்தனர். காலணியையும் கழற்றச் செய்தனர். நம் நாட்டு விதிப்படி அவர் சோதனையிலிருந்து விலக்குப் பெற்றவர். ஆகவே, செய்தி வெளிப்பட்டபோது நாடாளுமன்றத்தில் கண்டனம் எழுந்தது. குழுமம் மன்னிப்புக் கோரிற்று. கலாமோ எவரிடத்தும் முறையிட்டிலர். பெரியோர் ஒருவர் பொறுத்துக்கொண்டார் என்பதனால் விதியை மீறியது சரியாகிவிடாது. எனினும், வரிசையில் நிற்பதால் தம் பெருமை குறையும் என்று கருதாத அவர் பண்பு போற்றத்தக்கது.

ஆதலின் மாணவர்களே, விமான நிலையச் சோதனை தகுமோ என்னும் வினாவிற்கு 'ஆம்' என்றோ 'அன்று' என்றோ ஒரு சொல்லில் விடை கூறுதல் இயலாது. உயிர் காக்கும் பயன் தெளிவாக உள்ளதா? அப்பயனை இதனினும் குறைந்த துன்பத்தால் பெற வழி உண்டா? உயர்ந்தோர், தாழ்ந்தோர், நம்மவர், பிறர் என்னும் வேறுபாடு இன்றி நடைபெறுகின்றதா? இம்மூன்று வினாக்களையும் ஒவ்வொரு விதியின்பாலும் கேட்டல் வேண்டும். ஏற்ற விடை தரும் விதியை மனமுவந்து ஏற்போம். தராத விதியைத் திருத்துமாறு அறவழியில் கேட்போம். சோதிக்கும் காவலர் தம் முன் நிற்பவரை மானமுள்ள ஒருவராகக் கருதி இன்சொல் கூறுதல் வேண்டும். சோதனைக்கு உட்படுவோர், அக்காவலர் தம்மை அறியாதவர் என்பதையும், தமக்குப் பின்னே அமரவிருக்கும் குழந்தையின் உயிரையும் அவரே காக்கின்றார் என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும்.