புயலுக்குப் பின் ஊரும் தோப்பும்: இளைஞர் அணியின் பணிகள்



2011 டிசம்பர் 30ஆம் நாள் காலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டி வட்டாரத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ஒட்டுக்கன்று நட்டாலும் பலா காய்க்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும். ஆகவே அன்று விழுந்தது மரம் மட்டுமன்று. பல குடும்பங்களின் பல ஆண்டு வருமானமும் ஆகும்.

2015 வெள்ளத்தின்போது வெளியூர் இளைஞர்கள் அரிசி, பாய், போர்வை முதலியவற்றைக் கடலூர் மாவட்டத்துக்குக் கொண்டுவந்து உதவினர். ஆயினும், உட்தெருவில் யாருக்கு என்ன தேவை என்பதை உள்ளூர் இளைஞரே நன்கு அறிவர். எனவே கெடிலக் கரையிலுள்ள திருவதிகை போன்ற ஊர்களில் புரட்டாசி முடிவதற்குள் இளைஞர் அணி ஒன்று அமைத்தல் நலம்.

முன்னேற்பாடு

முதியோர், கருவுற்ற பெண்கள், மாற்றுத் திறனாளிகள் உள்ள வீடுகளைத் தெருவாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வடம், மண்வெட்டி, அரிவாள், டார்ச் விளக்கு, மரம் அறுக்கும் இயந்திரம் ஆகியவை யாரிடம் உள்ளன என்பதையும் எழுதி வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

முதல் நாள்

உயிரைக் காப்பதே முதல் வேலை. அறுந்த மின்கம்பியின் அருகே எவரையும் விடாதீர்கள். மின்சாரம் நிறுத்தப்பட்டதை உறுதி செய்த பின்னரே சாலையில் விழுந்த மரத்தை வெட்டுங்கள். குடிநீரைக் காய்ச்சிப் பருகச் சொல்லுங்கள். மாடுகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டுங்கள்.

நெல் வயல்

வாய்க்கால் அடைப்பைக் கூட்டாக நீக்கி நீரை வடியுங்கள். தூர் கட்டும் பருவப் பயிராயின், நீர் வடிந்தபின் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் பிண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள்.

சாய்ந்த மரங்கள்

வேர் முழுதும் அறாத இளமரங்களைப் பிழைக்க வைக்கலாம். வேர் காயாதபடி ஈரச் சாக்கால் மூடி, கிளைகளைப் பாதியளவு கழித்து, இரண்டு மூன்று நாட்களுக்குள் நிமிர்த்தி, மண் அணைத்து, முட்டுக் கொடுங்கள். வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள். முதிர்ந்த மரம் அடியோடு பெயர்ந்திருந்தால் அகற்றிவிட்டு, ஒட்டுக்கன்று நடுங்கள். இரகத் தேர்வுக்கு விருத்தாசலம், பாலூர் ஆராய்ச்சி நிலையங்களை அணுகலாம்.

கணக்கெடுப்பு

மரங்களை அகற்றுமுன் புகைப்படம் எடுத்து, எண்ணி, கிராம நிர்வாக அலுவலரிடம் பட்டியல் கொடுங்கள். இங்குதான் ஒரு தவறு நேர்வதுண்டு. பட்டா உள்ளவர் பெயர் மட்டும் பட்டியலில் ஏறும். குத்தகைதாரரும், முந்திரி பொறுக்கியும் கொட்டை உடைத்தும் பிழைப்போரும் விடுபட்டுப் போவர். தோப்பு விழுந்தால் அவர்கள் கூலியும் விழுகிறது. அவர்களுக்கெனத் தனிப் பட்டியல் எழுதிக் கொடுப்பது உங்கள் அணியின் கடமை.

திருநாவுக்கரசர் உழவாரம் ஏந்திப் பணி செய்த ஊர் திருவதிகை. அவ்வூர் இளைஞருக்கு மண்வெட்டி எடுக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. மழைக்கு முன்பே கூடிப் பேசி, வேலையைப் பகிர்ந்துகொண்டால் போதும்.