நாய்க்கு நாம்தான் காவல்

சோழிங்கநல்லூரில் பார்த்த மென்பொருள் வேலையை விட்டுவிட்டுத் தாளவாடி மலைக்குக் குடிபோகிறேன் என்றதும் எல்லோரும் கேட்டது, "தனியாவா?" "செவலை இருக்கானே" என்பேன். செவலை என் கோம்பை நாய். இப்போது அதே யோசனையோடு என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது: காட்டோரத்தில் நாய் நமக்குக் காவல் இல்லை, நாம்தான் அதற்குக் காவல்.

முதலில் இடம். தாளவாடியைச் சூழ்ந்த சத்தியமங்கலம் காடு 2013 முதல் புலிகள் காப்பகம். அனுமதியில்லாமல் உள்ளே போவதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே 'காட்டில் வாழ்வது' என்றால் காட்டை ஒட்டிய பட்டா நிலத்தில் வாழ்வதுதான். நாயோடு காட்டுக்குள் நடை போகலாம் என்ற கனவை ஊரிலேயே விட்டுவிடுங்கள்.

அடுத்தது யானை. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்த புதிதிலேயே எச்சரித்தார்: "தம்பி, ராத்திரி நாயை அவுத்து விடாதீங்க. ஆனையப் பாத்துக் குரைக்கும், அது வெரட்டுனா நேரா உங்ககிட்டதான் ஓடியாரும். பின்னாலயே ஆனையும் வரும்." இந்த ஒரு அறிவுரைக்காகவே அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். பொழுது சாய்ந்தால் செவலை வீட்டுக்குள். குரைத்தாலும் கதவைத் திறப்பதில்லை. ஜன்னல் வழியே டார்ச் அடித்துப் பார்ப்பதோடு சரி.

சிறுத்தைக்கு நாய் எளிய இரை. வாசலில் சங்கிலியில் கட்டுவது அதற்குப் பந்தி வைப்பதற்குச் சமம், நாய்க்கு ஓடக்கூட வழியிருக்காது. வெளியில்தான் படுக்க வைக்க வேண்டுமென்றால் மேற்புறமும் மூடிய கம்பிவலைக் கூண்டு கட்டுங்கள். சாப்பிட்ட மிச்சத்தை முற்றத்தில் கொட்டாதீர்கள். அதற்குப் பன்றி வரும், தெருநாய் வரும், அவற்றைத் தேடிச் சிறுத்தையும் வரும்.

தடுப்பூசி நாயை மட்டும் காப்பதில்லை. 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் மாண்டன. அவற்றில் சிலவற்றிடம் காணப்பட்டது நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ். அதற்கும் வெறிநோய்க்கும் ஊசி போடாத நாயைக் காட்டோரத்துக்குக் கொண்டுபோகவே கூடாது. உண்ணியோ ரத்தத்தைத் தாக்கும் காய்ச்சலைப் பரப்பும். தினமும் காதுமடல், விரலிடுக்கு, வாலடி மூன்றையும் தடவிப் பாருங்கள்.

பாம்பு கடித்தால் கீறுவது, கட்டுப்போடுவது, பச்சிலை தேடுவது எதுவும் வேண்டாம். நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் மனிதருக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். அதை இருப்பு வைத்திருக்கும் கால்நடை மருத்துவர் யார் என்று குடிபோகும் முன்பே விசாரித்து வையுங்கள். மருத்துவரைத் தேடிச் சத்தியமங்கலம் இறங்கத் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்ட வேண்டும். வனவிலங்குகளுக்காக இரவில் அங்கே போக்குவரத்துக் கட்டுப்பாடும் உண்டு.

சுதந்திரம் பற்றியும் ஒரு வார்த்தை. அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுக்கலாம். இங்கே கல்யாணத்துக்குப் போய் ஓர் இரவு தங்க வேண்டுமென்றாலும், செவலையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று யோசித்த பிறகுதான் பஸ் ஏற முடியும். சம்பளம் நின்றாலும் ஊசிச் செலவு நிற்காது.

காடு ஒத்துவராவிட்டால் நாம் பெட்டியைக் கட்டிவிடலாம். நாயால் அப்படிக் கிளம்ப முடியாது. எனவே ராஜினாமாக் கடிதம் எழுதும் முன், ஐப்பசி மழையில் ஒரு மாதம் வாடகைக்கு வீடெடுத்து நாயோடு தங்கிப் பாருங்கள். அது சரியாகச் சாப்பிட்டு, இரவில் தூங்கினால், பிறகு கடிதம் எழுதலாம்.