கொண்டை ஐரிஸ்: இதழ்களை எண்ணுவோம்

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக்காடுகளில், மரநிழலில் படரும் சிறுசெடி ஐரிஸ் கிரிஸ்டேட்டா. பூக்கும்போது உயரம் சுமார் 15 செ.மீ. மட்டநிலத் தண்டால் பரவுகிறது. இலத்தீனில் 'கிரிஸ்டேட்டா' என்றால் கொண்டையுடையது.

ஒருவித்திலைத் தாவரப் பாடத்தில் இதன் படத்தைக் காட்டி, "எத்தனை இதழ்கள்?" என்று கேட்பேன். ஒன்பது என்பர் பலர். உண்மையில் ஆறுதான்: வெளியே மூன்று, உள்ளே மூன்று. நடுவில் உள்ளவை இதழ்போல் விரிந்த சூல்தண்டின் மூன்று கிளைகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு மகரந்தத்தாள் மறைந்திருக்கும்.

ஏன் இந்த மறைவு? வெளியிதழின் மஞ்சள் கொண்டை வழிகாட்ட, தேனீ உள்ளே நுழைகிறது. முதலில் சூல்முடி அதன் முதுகில் உரசி, வேறு பூவின் மகரந்தத்தைப் பெறுகிறது. பிறகே இப்பூவின் மகரந்தம் தேனீமேல் ஒட்டுகிறது. திரும்பும்போது சூல்முடியின் ஏற்கும் பக்கம் அதன்மேல் படுவதில்லை. அயல் மகரந்தச் சேர்க்கைக்கு இவ்வமைப்பு துணைசெய்கிறது.

ஐரிஸுக்கு எங்கே போவது? பள்ளித் தோட்டத்துக் கல்வாழை போதும். அதில் கண்ணைக் கவரும் 'இதழ்கள்' உருமாறிய மகரந்தத்தாள்கள். உண்மையான அல்லி இதழ்கள் சிறுத்து, அவற்றுக்கு வெளியே இருக்கும். பூவைப் பிரித்து மாணவரே கண்டறியட்டும். ஓர் உறுப்பு எது என்பதை அதன் நிறத்தைவிட அது அமைந்துள்ள இடமே சொல்லும்.