நந்தாதேவி மலைப்பாதை: வருவாய் யாருக்கு, செலவு யாருக்கு?

உத்தராகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில், ஜோஷிமட் நகரிலிருந்து நீதிப் பள்ளத்தாக்கை நோக்கிச் செல்லும் சாலையில் ரேணி, லாதா என்னும் இரு சிற்றூர்கள் உள்ளன. ரிஷி கங்கை தௌலி கங்கையுடன் கலக்குமிடம் ரேணி. அங்கிருந்து தென்கிழக்கே, சுற்றிலும் மதில்போல் எழுந்து நிற்கும் மலைகளின் நடுவே, 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தாதேவிச் சிகரம் அமைந்துள்ளது.

வழிகாட்டியுடன் மலைக்காட்டில் நடப்பதையும் கூடாரமிட்டுத் தங்குவதையும் பொழுதுபோக்கு என்றே நம்மில் பலர் கருதுகிறோம். பொருளியல் நோக்கில் அது ஒரு தொழிலாகும். மலை அதன் மூலதனம். உழைப்பை அளிப்போர் மலைவாழ் மக்கள். இத்தொழிலின் வருவாய் யாரைச் சேருகிறது, அதனால் மலைக்கு விளையும் சேதத்தின் செலவை யார் ஏற்கின்றனர் என்ற இரு வினாக்களையும் ஆராய, மேற்கூறிய இரு ஊர்களின் வரலாற்றைக் காட்டிலும் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

திறந்த மலை, மூடிய மலை

இப்பள்ளத்தாக்கின் போட்டியா மக்கள் தலைமுறை தலைமுறையாகத் திபெத்துடன் வாணிபம் செய்து வந்தவர்கள். தானியம் கொண்டுசென்று உப்பும் கம்பளியும் பெற்று வந்தனர். 1962-ஆம் ஆண்டுப் போருடன் அவ்வாணிபம் முடிவுற்றது. எஞ்சியவை ஆடு மேய்த்தலும், மூலிகை சேகரித்தலும், மலையேறும் குழுக்களுக்குச் சுமை தூக்கும் வேலையுமே. 1934-இல் ஷிப்டன், டில்மன் ஆகிய இருவரும் ரிஷி கங்கையின் செங்குத்தான பிளவு வழியே உள்ளே செல்லும் பாதையைக் கண்டறிந்தனர். 1936-இல் டில்மனும் ஓடெலும் சிகரத்தை அடைந்தனர். 1974-இல் அயல்நாட்டுக் குழுக்களுக்கு இப்பகுதி திறந்துவிடப்பட்டபின் சுமைகாரர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் நல்ல வேலை கிடைத்தது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில்தான் ரேணி கிராமப் பெண்கள் கௌரா தேவியின் தலைமையில், மரம் வெட்ட வந்தவர்களைத் தடுத்துத் திருப்பி அனுப்பினர்.

திறப்பின் விளைவு விரைவிலேயே தெரிந்தது. முகாம்களில் குப்பை குவிந்தது. மெல்ல வளரும் மலைப்புதர்கள் விறகாயின. கள்ள வேட்டையும் நடந்தது. 1982-இல் இப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, மலையேறுவோர், மேய்ப்போர் என அனைவருக்கும் அடைக்கப்பட்டது. 1988-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது.

அடைத்தது தவறு என்று கூற இயலாது. 1993-இல் அங்கு சென்ற இராணுவத்தின் குழு ஏறத்தாழ 1,000 கிலோ குப்பையை அகற்ற நேர்ந்தது என்பதிலிருந்தே முந்தைய நிலையை ஊகிக்கலாம். பின்னர் நடந்த ஆய்வுகளில் தாவர வளம் மீண்டு வருவது தெரியவந்தது. ஆனால் அதன் செலவைச் செலுத்தியவர் யார்? மலையேறுவோர் வேறொரு மலையைத் தேடிக் கொண்டனர். லாதாவின் மேய்ப்பருக்கு வேறு புல்வெளி கிடையாது. கிடைத்த ஈடு இழந்த வருவாய்க்கு ஒப்பாகவில்லை என்பது ஊர் மக்களின் நெடுநாளைய குறை. மரங்களைக் காத்தவர்களே காட்டிற்கு ஆபத்தானவர்கள்போல் நடத்தப்பட்டது அவர்களைப் பெரிதும் புண்படுத்தியது. 1998-இல் அவர்கள் தடையை மீறிப் பூங்காவினுள் நுழைந்து தம் உரிமையை வலியுறுத்தினர்.

2001 அக்டோபரில் லாதா கிராம சபை ஒரு பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. சுற்றுலாவே வேண்டாம் என்று அவர்கள் கூறவில்லை. வெளியார் ஏகபோகமாக நடத்தும் சுற்றுலாவை ஏற்கமாட்டோம் என்றும், வேலைவாய்ப்பில் உள்ளூர் மக்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்றும் கோரினர். 2003-இல் பூங்காவின் வெளிப்பகுதியில் ஒரு பாதை மட்டும், குறைந்த எண்ணிக்கையினருக்கு, உள்ளூர் வழிகாட்டியுடன் செல்லும் நிபந்தனையின்பேரில் திறக்கப்பட்டது. இருபது ஆண்டுக் கால மூடலுக்குப்பின் கிடைத்தது சிறிய வாயில்தான்; எனினும் அதன் சாவி ஊராரிடமும் இருந்தது.

வழிகாட்டியின் பணி

வழிகாட்டி என்பவர் பாதையைக் காட்டுபவர் மட்டுமல்லர். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டுவது பாதுகாப்பான முறை எனக் கருதப்படுகிறது. அலுவல் நிமித்தம் சென்ற ஒரு சமயம் லாதாவின் மேற்புறக் காட்டுப்பாதையில் இக்கட்டுரையாளர் நடந்தபோது, உடன்வந்த வழிகாட்டி அடிக்கடி நிறுத்தி இளைப்பாறச் செய்ததைச் சோம்பல் என்றே எண்ணினார். அவரை முந்திக்கொண்டு ஏறியதன் பலனாக, அன்றிரவு தலைவலியால் உறக்கமின்றிக் கழிக்க நேர்ந்தபோதுதான் அந்த நிதானத்தின் பொருள் விளங்கியது.

எரிபொருளும் அவர் பொறுப்பே. 3,700 மீட்டர் உயரத்தில் நீர் சுமார் 88 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. அரிசி எளிதில் வேகாது. அழுத்தக் கொதிகலனும் போதிய எரிபொருளும் கீழிருந்தே கொண்டுசெல்லப்படாவிடில், சமையற்காரர் கை அருகிலுள்ள புதரை நோக்கித்தான் நீளும். சுமைகாரர் கூலியில் மிச்சம் பிடிக்கும் நிறுவனம் அந்த மிச்சத்தை உண்மையில் மலையிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது.

பெருநகரில் பதிவு செய்து, அங்கேயே முழுக் கட்டணத்தையும் செலுத்தி, அடிவார நகரில் உணவுப் பொருள்களை வாங்கி, நிறுவனத்தின் கூடாரங்களில் தங்கும் பயணியின் பணத்தில் கிராமத்திற்கு எஞ்சுவது நாட்கூலி மட்டுமே. அதே பயணி ஊரில் ஒரு வீட்டில் தங்கி, அவ்வீட்டாரின் இராஜ்மாவையும் உருளைக்கிழங்கையும் உண்டு, ஊராரிடமே கூடாரத்தை வாடகைக்குப் பெற்றால், வழிகாட்டி அல்லாதாருக்கும், குறிப்பாகப் பெண்களுக்கும், பங்கு கிடைக்கிறது. எண்ணிக்கையைக் குறைத்தும் வருவாயைக் காப்பதற்கு நாம் அறிந்த வழி இதுவே.

பேதினியின் அனுபவம்

இதே மாவட்டத்தில், ரூப்குண்ட் ஏரிக்குச் செல்லும் வழியிலுள்ள ஆலி, பேதினி புல்வெளிகளில் இத்தகைய வரம்பு உரிய காலத்தில் விதிக்கப்படவில்லை. ஆண்டின் பெரும்பகுதி குளிரில் உறையும் நிலத்தில் கூடாரத்தின் கீழ் மடிந்த புல் மீண்டும் தழைக்கக் காலம் பிடிக்கும். சுமைக் குதிரைகளின் குளம்பு பெயர்த்த மண்ணை அடுத்த மழை அரித்துச் செல்லும். 2018 ஆகஸ்டில் மாநில உயர்நீதிமன்றம் மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதைத் தடைசெய்து, வருவோர் எண்ணிக்கையை 200-க்குள் கட்டுப்படுத்துமாறு ஆணையிட்டது. புல்வெளியில் தங்காமல் ரூப்குண்டை அடைவது இயலாதாகையால், அப்பயணத்தை நம்பியிருந்த வாண், லோஹாஜங் ஊர்களின் வழிகாட்டிகளும் குதிரைக்காரர்களும் பிழைப்பிழந்தனர். பெரிய நிறுவனங்கள் வேறு பாதைகளுக்கு மாறிக்கொண்டன. லாதாவில் 1982-இல் கண்ட அதே கணக்கு இங்கும் திரும்பியது.

பயணியின் கட்டணத்தில் ஒரு பகுதியை வனத்துறையும் கிராம சபையும் சேர்ந்து நிருவகிக்கும் நிதியில் செலுத்தி, அதிலிருந்து புல்வெளியைச் சீரமைக்கவும், பாதை மூடப்படும் ஆண்டுகளில் வழிகாட்டிகளுக்கு உதவவும் ஏற்பாடு செய்யலாம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. மலையில் வருவாய் தடைப்படுவது அரசாணையால் மட்டுமல்ல. 2021 பிப்ரவரி 7 அன்று ரிஷி கங்கையில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் ரேணியின் நீர்மின் நிலையத்தையும் பாலத்தையும் அடித்துச் சென்றது; கீழ்ப்பகுதியையும் சேர்த்து, 200-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர் அல்லது காணாமற்போயினர். மேற்புற ஊர்களுக்குச் செல்லும் சாலை மீண்டும் இணைக்கப்பட மார்ச் மாதம் ஆயிற்று.