அயலுறுப்பை உடல் அறிதல்

கீழ்பென்னாத்தூரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், "வேலூருக்குக் கொண்டு போனார்கள்" என்று ஒருவர் சொல்வாராயின், எந்த வைத்தியசாலைக்கு என்று எவரும் வினவுவதில்லை. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ஆம் ஆண்டில் தொடங்கிய பணி கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த வரலாறு நம் கலாசாலையில் யாவரும் அறிந்ததே. அங்கே 1971-ஆம் ஆண்டில் டாக்டர் மோகன் ராவும் டாக்டர் ஜானியும் தம் குழுவினருடன் ஒருவருடைய சிறுநீரகத்தை மற்றொருவர் உடலிற் பொருத்தினர். இந்தியாவில் இச்சிகிச்சை முதன்முறையாக நிலைத்து வெற்றி பெற்றது அப்பொழுதுதான். அவ்வெற்றி அத்துணைக் காலம் தாழ்த்ததேன் என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

சிறுநீரகம் என்று இன்று நாம் வழங்கும் உறுப்பே தமிழ் வேதாகமத்து லேவியராகமத்தில் குண்டிக்காய் எனப்படுவது. முதுகெலும்பின் இருமருங்கும் அமைந்த இவ்விரண்டும் இரத்தத்திலுள்ள கழிவுகளைப் பிரித்து நீருடன் வெளியேற்றுகின்றன. ஒன்று இருந்தாலும் மனிதன் வாழ்வான். இரண்டும் கெட்டால், இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தி செய்தாலன்றி வாழான். உயிரோடிருக்கும் ஒருவர் பிறருக்கு ஒன்றை ஈதல் இதனாலேயே கூடுவதாயிற்று. இரத்தக் குழாய்களைத் தைத்து இணைக்கும் முறைக்காக அலெக்ஸிஸ் கரெல் 1912-இலேயே நோபெல் பரிசு பெற்றார். எனினும் அதன் பின் நாற்பதாண்டுகள் வரை, பொருத்திய சிறுநீரகங்கள் நிலைக்கவில்லை. தையலில் குற்றமில்லை. பின் உறுப்பு ஏன் மடிந்தது?

இதற்கு விடை கண்டவர் கத்தி பிடித்த வைத்தியர் அல்லர். விலங்கு நூல் கற்ற பீட்டர் மெடவார் என்பவர். 1915-இல் பிரேஸில் நாட்டிற் பிறந்து ஆக்ஸ்போர்டில் பயின்ற இவர், இரண்டாம் உலகப்போரின்போது தீப்புண் பட்டோருக்குத் தோல் ஒட்டும் ஆராய்ச்சியில் இறங்கினார். கிளாஸ்கோ நகரில் தாமஸ் கிப்ஸன் என்னும் இரண வைத்தியரும் இவரும் ஒரு பெண்ணுக்கு அவள் சகோதரனுடைய தோலின் சிறு துண்டுகளை இருமுறை ஒட்டிப் பார்த்தனர். முதன்முறை ஒட்டியவை சிலநாள் தாங்கிப் பின் அழிந்தன. இரண்டாம்முறை ஒட்டியவை அவற்றினும் விரைந்து அழிந்தன. இது 1943-இல் வெளியிடப்பெற்றது. இதில் கவனிக்கத்தக்கது அவ்விரைவே. ஒருமுறை அம்மை கண்ட உடல் அதனை நினைவில் வைத்துக்கொள்வதுபோல, அயலார் தோலையும் நினைவில் வைக்கின்றது. ஆகவே அயலுறுப்பைத் தள்ளுவது நோயெதிர்ப்பாற்றலே என்று துணிந்த மெடவார், முயல்களைக் கொண்டு அதனை நிலைநாட்டினார்.

இனி நம் பக்கத்து உழவருக்கும் உவப்பாகும் ஒரு செய்தி. இரட்டைக் கன்றுகள் ஒரே கருவினின்று தோன்றியவையா அல்லவா என்றறிய, தோலை மாற்றி ஒட்டிப் பார்க்கலாம் என்று மெடவார் கருதினார். செய்து பார்த்தபோது, காளையும் கிடாரியுமாய்ப் பிறந்தவைகூட ஒன்றன் தோலை மற்றொன்று ஏற்றுக்கொண்டன! தாய் வயிற்றிலேயே அவற்றின் இரத்தம் கலந்துவிடுகின்றது என்று ரே ஓவன் என்பார் 1945-இல் எழுதியிருந்தது இதற்குக் காரணம் காட்டிற்று. கருவில் அறிமுகமானதை உடல் பின்னர் அயலெனக் கொள்வதில்லை. பில்லிங்காம், பிரென்ட் என்போருடன் சுண்டெலிகளில் இதனைச் செய்துகாட்டி 1953-இல் வெளியிட்ட மெடவார், 1960-இல் பர்னெட் என்பவருடன் நோபெல் பரிசு பெற்றார். 1969-இல் மூளையில் இரத்தப்பெருக்குக் கண்டு உடல் தளர்ந்த பின்னும் ஆராய்ச்சியையும் எழுத்தையும் விட்டாரில்லை, 1987-இல் காலமானார்.

நோயாளியைக் கருவுக்குத் திருப்பியனுப்ப இயலாதே! 1954-இல் பாஸ்டன் நகரில் ஜோஸப் மரே கண்ட வெற்றியும் ஒரே கருவிற் பிறந்த இரட்டையருக்கிடையே நிகழ்ந்ததுதான். ஏனையோருக்கு மருந்தே துணை. முதலில் அசத்தியோப்ரின், 1978-க்குப் பின் சைக்ளோஸ்போரின், இக்காலத்தில் பெரும்பாலும் டாக்ரோலிமஸ். இவை அயலுறுப்பைத் தாக்கும் வெள்ளணுக்களை அடக்குகின்றனவேயன்றி, கன்றுகளுக்கு வாய்த்த உறவை உண்டாக்குவதில்லை.

இவ்வேறுபாட்டை நாம் வற்புறுத்துதற்குக் காரணம் உண்டு. உறுப்பு மாற்றம் பற்றிய 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஈவோரில் நெருங்கிய உறவினரை முதலில் வைக்கின்றது. நம் குடும்பங்களில் முன்வருபவள் பலகால் தாயே. உடலின் அடையாளத்தில் பாதி தாயினின்றும் பாதி தந்தையினின்றும் வருதலால், அவள் பாதியேனும் பொருந்துவாள். உடன்பிறந்தார் முற்றும் பொருந்துதல் நான்கில் ஒரு பங்கே. தாய் ஈந்ததைப் பெற்ற மகன் உடல் தேறுகின்றான்; வேர்க்கடலைக் கொல்லைக்குத் திரும்புகின்றான்; "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று மாத்திரையை நிறுத்துகின்றான். பணமுடையாலும் சிலர் நிறுத்துவர். உடல் மறந்திருக்கவில்லை. உள்ளே வலி யாதும் தோன்றாமலே சிறுநீரகம் கெடத் தொடங்கும். தாயிடம் ஈவதற்கு மற்றொன்று இல்லை. பிறரொருவர் ஈய முன்வந்தாலும், கிளாஸ்கோவில் இரண்டாம்முறை ஒட்டிய தோலுக்கு நேர்ந்ததே இங்கும் நேரக்கூடும். ஆதலால் பொருத்தமானவரைக் காண்டல் முன்னிலும் அரிதாகின்றது.

மாத்திரையை ஒழுங்காக உண்பவரும் ஒன்றைக் கருத வேண்டும். அம்மருந்து கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலையும் குறைப்பதால், நம் நாட்டில் மாற்றுச் சிறுநீரகம் பெற்றோரைக் காசநோய் எளிதிற் பற்றுகின்றது. நீங்காத காய்ச்சலோ இருமலோ கண்டால் கடையில் மருந்து வாங்கி உண்ணாமல், சிகிச்சை செய்த வைத்தியரிடமே செல்ல வேண்டும். காசநோய்க்குரிய மருந்துகளுள் ஒன்றான ரிஃபாம்பிசின், உறுப்பைக் காக்கும் மருந்தின் அளவை இரத்தத்திற் குறைத்துவிடுமாதலால், இரண்டையும் அளந்து கொடுக்க அறிந்தவர் அவரே.